முப்புரி

காங்கேயம் காளையைக் கட்டியிருக்கும் கயிற்றை விரலால் பிரித்துப் பாருங்கள். மூன்று புரி. ஒற்றைப் புரி என்றால் காளை ஓர் இழுப்பில் அறுத்துக்கொண்டு போய்விடும். மூன்றையும் முறுக்கியதால் அடங்கி நிற்கிறது. அந்தக் காளையின் கால் தசைநாணுக்குள்ளும் இதே முறுக்குத்தான் இருக்கிறது. கொலாஜன் என்ற புரதம் அது. நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை. நம் தோலிலும் எலும்பிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருப்பது இதே இனம்.

இந்த முறுக்கைக் கண்டு சொன்ன ஊர் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி ஆராய்ந்து, 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மூன்று இழைகள் நெருங்கிச் சுற்றும்போது நடுவே இடமே மிஞ்சுவதில்லை. அந்த இடுக்கில் அடங்குவது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும். ஆகவே மூன்றுக்கு ஒன்று கிளைசின். ஆயிரம் அமிலம் நீளும் இழையிலும் அந்த வரிசை தப்புவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் காங்கேயத்துச் சிவன்மலை இருக்கும் திசை பார்த்துக் கைகூப்பத் தோன்றுகிறது எனக்கு.

ஒரே ஒரு கிளைசின் இடம் மாறினால்? அங்கே பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு சரியாக விழாது. ரத்தக்குழாய்க்கான மூன்றாம் வகைக் கொலாஜனில் இப்படி நேரும்போது வருவதுதான் ரத்தக்குழாய் சார்ந்த ஏலர்ஸ்-டான்லோஸ் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. லோயஸ்-டீட்ஸ் என்ற இன்னொரு பரம்பரை நோயில் பிழை வேறு மரபணுவில். சுவர் நலிவது மட்டும் அதிலும் உண்டு.

இந்தச் சுவரின் வலிமை சோதிக்கப்படும் இடங்களில் ஒன்று மூளை. அதன் அடியில் தமனிகள் வளையமாகக் கைகோக்கின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் விவரித்த வளையம் அது. நாளுக்கு ஏறக்குறைய லட்சம் துடிப்பு அங்கே வந்து மோதுகிறது. மற்ற தமனிகளுக்கு உள்ள வெளி மீள்படலம் மண்டைக்குள் ஓடும் தமனிகளுக்கு இல்லை. கிளை பிரியும் கவட்டையில் சுவர் மெலிந்து மொட்டுப்போலப் புடைப்பதே அனியூரிசம். நூறு பேரில் மூவருக்கு இது இருக்கலாம். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. இழையிலேயே பிழையோடு பிறந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

“மூளை நரம்பு வெடிச்சுப் போச்சுங்க” என்று இளவயதுச் சாவுக்குக் காரணம் சொல்லும் குடும்பங்கள் உண்டு. விதி என்று அதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அப்படி நேர்ந்திருக்கிறதா, ரத்தநாளம் தெரியும் மெல்லிய தோலா, தொட்டாலே கன்றிப்போகிறதா, உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் நுழைக்காமலே எம்.ஆர். ஆஞ்சியோவில் மூளைத் தமனிகளைப் பார்த்துவிடலாம். புகையை விடுங்கள், ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள். வாழ்நாளில் கண்டிராத தலைவலி நொடியில் உச்சத்துக்கு ஏறினால், தைலம் தேய்த்துப் படுக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.