எண் நிற்கிறது, இடம் நிற்பதில்லை

பலகை ஒன்றில் ஒன்பது சின்ன மரக்கட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. சோதிப்பவர் இரண்டு கட்டைகளை விரலால் அடுத்தடுத்துத் தொடுகிறார். எதிரே இருப்பவர் அதே வரிசையில் தொட வேண்டும். பிறகு மூன்று, நான்கு என்று கூடும். இது கோர்சி சோதனை. இன்னொன்றில் கட்டைகளே வேண்டாம். ஏழு, இரண்டு, ஒன்பது என்று எண்களைச் சொன்னால், கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எண்கள் ஓரளவு நன்றாகவே நிற்கின்றன; கட்டைகளின் வரிசைதான் சட்டென்று மறந்துபோகிறது. ஏழாம் குரோமோசோம் இணையில் ஒன்றிலிருந்து சுமார் 26 மரபணுக்கள் கொண்ட துண்டு விடுபட்டுப்போவதே இந்த சிண்ட்ரோமுக்குக் காரணம். ரத்தக்குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் மரபணுவும் அந்தத் துண்டில் இருப்பதால், இவர்களில் பலருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி சுருங்கியிருக்கும். நியூசிலாந்து மருத்துவர் வில்லியம்ஸ் 1961இல் இதை விவரித்ததும் இதய நோயை வைத்துத்தான்.

டவுன் சிண்ட்ரோமில் கதை தலைகீழ். அங்கே 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லத் திணறுபவர்கள், கட்டைகளை அதைவிட நன்றாகத் தொட்டுக் காட்டுகிறார்கள். பால் வாங், உர்சுலா பெலூஜி என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இந்த இரண்டு குழுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நினைவாற்றல் ஒரே சரக்காக இருந்தால் இப்படி எதிரெதிராகக் குறைய வழியே இல்லை. கேட்டதை வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடும், இடத்தை வைத்துக்கொள்ள வேறோர் ஏற்பாடும் மூளையில் இருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் பெலூஜி குழு செய்த ஒரு சோதனை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. குட்டிக்குட்டி 'ஒய்' எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய 'டி' எழுத்து. அதைப் பார்த்து வரையச் சொன்னால், வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்கள் 'ஒய்'களைத் தாளெங்கும் சிதறவிடுகிறார்கள்; 'டி' உருவாவதே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களோ 'டி'யை வரைந்துவிட்டு 'ஒய்'களை விட்டுவிடுகிறார்கள். பார்த்த படம் ஒன்றே.

இந்த இரண்டு சிண்ட்ரோம்கள் உள்ள குழந்தைகளைப் பொத்தாம் பொதுவாக 'ஞாபகசக்தி குறைவு' என்று எழுதி மூடிவிடுவது பெரிய அநியாயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு, வாயால் மட்டும் சொல்லாமல், படத்தோடு எழுதிய சொல் அட்டையைக் காட்டினால் பாடம் எளிதாக ஏறும். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு வரைபடத்தைவிட, எங்கே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பது உதவும்.