வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை கட்டாயம் ஆக்கலாமா?

கரிசல் காட்டில் மழை பொய்த்தாலும் சிறு விவசாயியைக் கைவிடாதவை ஆடுகள். பள்ளிக்கூடச் செலவுக்கும், விதை வாங்கவும், வீட்டில் ஒரு நோய்நொடி என்றால் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டை விற்றுப் பணம் புரட்டுவது விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களில் வழக்கம். அந்த ஆட்டுப்பட்டியில் ஓர் இரவு நாய்கள் புகுந்துவிட்டால், பல வருஷப் பாடு விடிவதற்குள் போய்விடும்.

திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதை முன்னிட்டு 2024, 2025ஆம் ஆண்டுகளில் விவசாயிகள் போராட்டம் நடத்த நேர்ந்தது. அரசும் நிவாரணம் அறிவித்தது. ஆனால் நிவாரணம் என்பது ஆடு செத்த பிறகு வருவது. சாகாமல் காக்க வழி என்ன? நாய் வளர்ப்போர் எல்லோரும் கருத்தடை செய்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

நாய்க்கூட்டம் எங்கிருந்து வருகிறது?

தெருநாய் என்று திட்டப்படும் நாய்களில் பல, வீட்டு நாய் ஈன்ற குட்டிகளே. பெட்டை நாய் ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பிறகு பெரும்பாலும் ஆறு, ஏழு மாதத்துக்கு ஒரு முறை பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஓர் ஈற்றுக்கு நாலு முதல் எட்டுக் குட்டிகள் வரை போடுவது சாதாரணம்.

ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு இரண்டு ஈற்றில் பத்துக் குட்டிகள். கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி, கண்மாய்க் கரையிலோ சந்தைப்பேட்டையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். அவற்றில் பாதி செத்தாலும், பிழைத்தவை அடுத்த வருஷமே குட்டி போடும். இறைச்சிக் கழிவையும் குப்பையையும் தின்று கூட்டமாகத் திரிந்து பழகிய நாய்கள்தான் பின்னர் பட்டிக்குள் புகுகின்றன. இப்படிப் பட்டினியில் வாடும்படி பிராணிகளைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் அவ்வாறு செய்தும் நாய்கள் ஒழியவில்லை. ஓரிடத்து நாய்களைக் கொன்றால், அங்கே கிடைக்கும் தீனிக்கு வேறு நாய்கள் வந்து சேர்ந்துவிடும். எனவே 1996 முதல் சென்னையில் கருத்தடை முறை கைக்கொள்ளப்பட்டது. 2001-ல் மத்திய அரசு இதற்கென விதிகள் வகுத்தது. 2023-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

புதிய விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. வீட்டு நாய்க்கு வளர்ப்பவரே பொறுப்பு. ஆக, கடமை ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அதைக் கேட்பார் இல்லை என்பதே கிராமத்து நிலைமை.

எல்லோருக்கும் ஒரே கட்டாயமா?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2008-ல் வளர்ப்பு நாய், பூனைகளுக்குக் கருத்தடையைக் கட்டாயமாக்கியது. அங்கும் இனவிருத்தி செய்வோர் முதலிய சிலருக்கு விலக்கு உண்டு. நார்வே நாட்டிலோ, தக்க காரணம் இல்லாமல் நாய்க்கு இவ்வித ஆபரேஷன் செய்வதையே சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே நாயை அவிழ்த்துவிட்டுத் திரியவிடும் வழக்கம் மிகக் குறைவு. கட்டிக் காக்கும் இடத்தில் கத்தி தேவைப்படவில்லை என்பது இதில் நாம் பார்க்க வேண்டிய பாடம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. இராஜபாளையம் நாயும், சாத்தூர் பக்கத்துச் சிப்பிப்பாறை நாயும் இந்த மண்ணுக்கே உரியவை. இராஜபாளையம் நாயின் படம் 2005-ல் தபால்தலையில் வெளியிடப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாய்க்கும் கருத்தடை செய்தால் இந்த இனங்களின் வித்து குறுகிவிடும். இருக்கும் சில நாய்களையே நெருங்கிய உறவில் சேர்த்தால் பிறவிக் குறைகள் கூடும்.

மாட்டு விஷயத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1940-ல் சென்னை மாகாணத்தில் வந்த கால்நடை அபிவிருத்திச் சட்டம், உரிமம் பெறாத தரம் குறைந்த காளைகளைக் காயடிக்கச் செய்ய வழி வகுத்தது. நல்ல பொலிகாளைக்கு உரிமம் கொடுத்தது. நாய்க்கும் இந்தப் பாகுபாடே பொருந்தும். இனவிருத்திக்கு வைத்திருப்பவர் பதிவு செய்துகொண்டு, பருவ காலத்தில் பெட்டையைக் கட்டிக் காக்க வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர் கருத்தடை செய்ய வேண்டும். இரண்டும் செய்யாதவரைத்தான் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதற்கும் முன்னதாக வசதி வேண்டும். தினக்கூலிக்குப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிறவரிடம், ஒரு நாள் சம்பளத்தை விட்டு நாயை வெகுதூரம் கொண்டுபோகச் சொல்லிவிட்டு அபராதமும் போடுவது நியாயமாகாது. யூனியன்தோறும் குறிப்பிட்ட நாட்களில் இலவச முகாம் நடத்திய பிறகே கட்டாயம் என்ற பேச்சு எடுபடும்.

காயடித்த நாய் காவல் காக்குமா?

காக்காது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது தவறு. காயடித்த காளைதான் ஏரிலும் வண்டியிலும் அடங்கி உழைக்கிறது என்பது விவசாயி அறிந்ததே. நாயின் காவல் குணம் இனத்தாலும் பழக்கத்தாலும் வருவது. காயடித்த கடுவன் பெட்டையைத் தேடி ஊர் ஊராக அலைவது பெரிதும் குறையும். பட்டியை விட்டுப் போகாத நாயே நல்ல காவல் நாய். பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. இளவயதிலேயே செய்தால் மடிக்கட்டியும் மிகக் குறையும். ஆபரேஷனுக்குப் பின் உடம்பு பருக்கலாம். தீனியைச் சற்றுக் குறைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

1. ஆபரேஷன் செய்யும் வயதையும் நாளையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் செய்யலாம். நாட்டு முறையில் தாமே காயடிப்பது கூடாது.

2. முன்னதாக எத்தனை மணி நேரம் தீனி நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டு அதன்படி செய்ய வேண்டும்.

3. பின்னர் சுமார் பத்து நாட்கள் ஈரமில்லாத இடத்தில் கட்டி வைத்து, தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு நாய் அறுத்துக்கொண்டு ஓடும் தீபாவளி வாரம் இதற்கு ஏற்றதல்ல. தீபாவளி கழிந்து ஆலை வேலை சில வாரம் நிற்கும்போது செய்தால், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும்.

4. கருத்தடை வெறிநோயைத் தடுக்காது. மூன்று மாதக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொன்னபடி மறு ஊசியும், பின்னர் வருஷந்தோறும் ஊசியும் போட வேண்டும்.

5. யாரையாவது நாய் கடித்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி நாள் கடத்தினால் உயிருக்கு ஆபத்து. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவிழ்த்துவிட்ட பெட்டை நாய் ஊரில் எத்தனை என்று கிராமசபையில் கணக்கெடுத்து, முகாம் கேட்டு மனுக் கொடுக்கலாம். சாக்கில் கட்டி எறியும் குட்டி அடுத்த ஊர் ஆட்டைக் கடிக்கும். அடுத்த ஊர் எறிந்த குட்டி நம் ஆட்டைக் கடிக்கும்.