பெயர் மாறினால் தொட்டி காலி!
தென் அமெரிக்க சிக்லிட் மீன்களை இனம் கண்டு வளர்ப்பது எப்படி?

"அண்ணே, இது ப்ளூ அகாரா. சாதுவான மீனு. ஏஞ்சலோடயே தாராளமா விடலாம்."

விற்றவர் சொன்ன இந்த வார்த்தையை நம்பித்தான், மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் கண்ணாடித் தொட்டிகள் வைத்திருக்கும் திருவள்ளூர் மாவட்ட விவசாயி ஒருவர் பத்துக் குஞ்சுகளை வாங்கி வந்தார். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்தாவது மாதம் ஏஞ்சல் மீன்களின் துடுப்புகள் கிழிய ஆரம்பித்தன. எட்டாவது மாதம் அந்தத் தொட்டியில் ஒரு ஏஞ்சல்கூட உயிரோடு இல்லை. பத்துக் குஞ்சுகளில் மிஞ்சியவை மூன்று. மூன்றுக்கும் வால் ஓரத்தில் பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டை. அது ப்ளூ அகாராவே இல்லை. கிரீன் டெரர் என்ற முரட்டு மீன்.

"நோய் வந்து செத்திருந்தா மருந்து போட்டிருப்போம். இது வீட்டுக்குள்ள வெட்டுக்குத்து மாதிரி ஆகிப்போச்சு" என்கிறார் அவருடைய வீட்டுக்காரம்மா. தொட்டிகளுக்குத் தீனி வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அவர்தான்.

விற்றவர் ஏமாற்றினார் என்று உடனே சொல்லிவிட முடியாது. மொத்த வியாபாரத்தில் குஞ்சுகள் பட்டப்பெயரில்தான் கைமாறுகின்றன. பாலித்தீன் பையில் ஒரு பெயரோடு ஏறிய மீன், இரண்டு கை மாறும்போது வேறு பெயரோடு இறங்குவது உண்டு. ஆனால், பெயர் மாறினால் தீனி, தண்ணீர், தொட்டியின் அளவு, கூட விடும் மீன் எல்லாமே மாறிப்போகும். கத்தரி நாற்று என்று வாங்கியது சுண்டைக்காயாக வளர்ந்தால் ஒரு போகம் போனது என்று விடலாம். இங்கே தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மீனும் சேர்ந்து போகிறது.

ஜிலேபியின் சொந்தக்காரர்கள்

சிக்லிட் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஏரி, குளமெல்லாம் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீன் இந்தக் குடும்பம்தான். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கேரளத்தில் விரும்பிச் சாப்பிடும் கரிமீனும் இதே குடும்பம். அது நம் நாட்டுக்கே சொந்தமானது. கடைகளில் கலர் விளக்குக்குக் கீழே நிற்கும் ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் எல்லாம் தென் அமெரிக்கக் கிளை.

குடும்பத்தை அடையாளம் காண வழி இருக்கிறது. அடுத்த முறை ஜிலேபியை ஆயும்போது முகத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளைகள் இருக்கும். சிக்லிட்டுக்கு ஒன்றுதான். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடும் ஒரே கோடாக வால் வரை போகாது. மேலே பாதி தூரம் ஓடி நின்று, கீழே வேறு இடத்தில் மறுபடி தொடங்கும். முதுகுத் துடுப்பு ஒன்றுதான். அதன் முன்பகுதி முள், பின்பகுதி மென்மை. குடும்பத்துக்குள் எந்த இனம் என்று பார்ப்பதுதான் சிரமம்.

ஒரே தாய் பிள்ளைகள் மாதிரி

ப்ளூ அகாராவும் கிரீன் டெரரும் அறிவியல் வகைப்பாட்டில் 'ஆண்டினோஅகாரா' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ப்ளூ அகாராவின் ஊர் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கம். கிரீன் டெரரின் ஊர் ஈக்வடார், பெரு நாடுகளில் பசிபிக் கடலை நோக்கி ஓடும் ஆறுகள். இரண்டுக்கும் கன்னத்தில் நீலப்பச்சைக் கோடுகள் உண்டு. இரண்டுக்கும் உடம்பின் நடுவில் கறுப்புப் புள்ளி உண்டு. ஓர் அங்குலக் குஞ்சில் பார்த்தால், பழக்கப்பட்ட கண்ணே தடுமாறும்.

இரண்டு அங்குலத்தைத் தாண்டிய பிறகு வாலைப் பார்க்க வேண்டும். வால் துடுப்பின் ஓரத்திலும் முதுகுத் துடுப்பின் விளிம்பிலும் ஆரஞ்சு அல்லது வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தால், அது கிரீன் டெரர் பக்கம் சேர்ந்தது. ப்ளூ அகாராவின் வாலில் அப்படி அகலமான பட்டை கிடையாது. வளர்ந்த ஆண் கிரீன் டெரருக்கு நெற்றி புடைத்து நிற்கும். வெள்ளைப் பட்டை மீனையும் ஆரஞ்சுப் பட்டை மீனையும் நீண்ட காலம் ஒரே இனமாகத்தான் நினைத்திருந்தார்கள். வெள்ளைப் பட்டை உள்ளது தனி இனம் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்ததே 2009-ல்தான்.

ப்ளூ அகாரா ஐந்தாறு அங்குலத்தோடு நிற்கும். கிரீன் டெரர் எட்டு அங்குலத்தைத் தாண்டும். ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் தொட்டி முழுவதும் தனக்கே பட்டா என்று நினைத்துக்கொள்ளும்.

குஞ்சில் இனம் பிரிக்க முடியாது என்றால், தாய் தகப்பன் மீனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கன்று வாங்கும்போது தாய்ப்பசுவின் மடியைப் பார்ப்பதில்லையா? காட்ட முடியாது என்பவரிடம் பத்து வாங்காமல் இரண்டு வாங்கி, தனித் தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது நல்லது.

பேராசிரியரே ஏமாந்த மீன்

ஆஸ்கார் மீனை இனம் காண்பது எளிது. வாலின் அடியில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம், அசல் கண் மாதிரியே இருக்கும். இன்றைக்கு யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால், 1831-ல் இந்த மீனுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்த லூயி அகாசி, பிரேசிலிலிருந்து வந்த செத்த மீனை வைத்துப் பார்த்து, இதைக் கடல் மீன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. மீன் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர். ஊர் தெரியாமல், உயிரோடு பார்க்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆஸ்காரில் ஏமாறுவது பெயரில் அல்ல, அளவில். மூன்று அங்குலத்தில் குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கும் மீன், ஓர் அடி வளரும். வளர்ந்த ஒரு மீனுக்கே சுமார் 300 லிட்டர் தொட்டி தேவை. அழுக்கும் அதிகம். வாயில் நுழைகிற மீன் எதுவாக இருந்தாலும் விழுங்கிவிடும். மண்புழுவை விரும்பித் தின்னும். மருந்து அடிக்காத நிலத்துப் புழுவாக இருக்க வேண்டும். உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழுவைப் பல மீன்கள் துப்பிவிடுகின்றன, அது விடும் கசப்பு நீர் காரணமாக.

டிஸ்கஸ் மீனை வட்டத் தட்டு போன்ற உடம்பை வைத்தே சொல்லிவிடலாம். குஞ்சுகள் முதல் நாள்களில் பெற்றோரின் தோலில் சுரக்கும் வழவழப்பைத் தின்று வளர்பவை. ஆரம்பக்காரர்கள் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது. ராம் என்ற இரண்டங்குலக் குட்டி மீன் அழகு, ஆனால் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான்.

ஃபிளவர்ஹார்ன், பேரட் என்று விற்கப்படுபவற்றைத் தென் அமெரிக்க மீன் என்று எழுதி வைத்திருப்பார்கள். இரண்டுமே எந்த ஆற்றிலும் பிறக்காதவை; ஆசிய நாடுகளில் மனிதர்கள் கலந்து உருவாக்கியவை. மூல மீன்கள் பெரும்பாலும் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தவை. பேரட்டின் வாய் சரியாக மூடாது. ஆண்கள் பெரும்பாலும் மலடு. பேரட் முட்டையிட்டது என்று சந்தோஷப்பட்டுக் காத்திருப்பவர்கள், முட்டை வெள்ளையாகிப் பூஞ்சணம் பிடிப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

போர் தண்ணீரும் மழைத் தண்ணீரும்

இனம் தெரிவதன் முழுப் பயனும் தண்ணீரில்தான். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரி சிக்லிட்டுகளுக்கு உப்புச்சத்து மிகுந்த, காரத்தன்மையுள்ள கடினத் தண்ணீர் பிடிக்கும். அமேசான் பக்கத்து மீன்கள் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் வளர்ந்தவை. இரண்டும் சிக்லிட்தானே என்று ஒரே தொட்டியில் விட்டால், யாராவது ஒருவர் தினமும் கஷ்டப்படுவார்.

நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படிந்தால் சந்தேகமே வேண்டாம். மண், தண்ணீர் பரிசோதனைக்குப் பயிருக்காகக் கொடுக்கும்போதே தொட்டித் தண்ணீரையும் கொடுத்துப் பி.ஹெச் அளவைத் தெரிந்துகொள்ளலாம். பண்ணையில் பல தலைமுறையாகப் பெருக்கிய ஏஞ்சல், அகாரா, ஆஸ்கார் மீன்கள் ஓரளவு கடினத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும். ராமும் டிஸ்கஸும் அந்தத் தண்ணீரில் உயிரோடு இருந்தாலும், முட்டை சரியாகப் பொரிக்காது.

இதற்கு மழைநீர் கைகொடுக்கும். முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான கூரையிலிருந்து பிடித்த தண்ணீரைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்தலாம். மழைநீரை மட்டும் ஊற்றினால் பி.ஹெச் நிலைக்காமல் ஏறி இறங்கும். எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல், வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். புதிய சிமென்ட் தொட்டியாக இருந்தால், பலமுறை நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரம் போன பிறகே மீன் விட வேண்டும். புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருங்கள். தகரக் கூரைக்கு அடியில் தொட்டி வைத்தவர்கள் சித்திரை, வைகாசியில் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் சூடேறினால் பிராணவாயு குறையும்.

ஜோடி என்று விற்றால்...

ஏஞ்சல், ஆஸ்கார் இரண்டிலும் ஆண் பெண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முட்டையிடும் சமயத்தில் வயிற்றடியில் நீட்டும் சிறு குழாயை வைத்துத்தான் தெரியும்: பெண்ணுக்குத் தடிமன், ஆணுக்கு மெல்லிய கூர்மை. 'ஜோடி' என்று சொல்லி விற்கும் இரண்டு ஏஞ்சல்கள், இரண்டுமே பெண்ணாக இருப்பதும் உண்டு. இரண்டு பெண்களும் ஒரே இலையில் முட்டையிட்டு, காவலும் காக்கும். முட்டை மட்டும் பொரிக்காது. கூடுதல் விலை கொடுத்தவர் மூன்று மாதம் தண்ணீரில் குறை தேடிக்கொண்டிருப்பார்.

அதனால், ஆறு குஞ்சு வாங்கி வளர்த்து, தானாகச் சேரும் இரண்டைப் பிரித்தெடுப்பதே வழி. தண்ணீரின் சூட்டைப் பொறுத்து ஏஞ்சல் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்து நான்கைந்து நாளில் குஞ்சு நீந்தத் தொடங்கும். அந்தச் சமயத்தில் ஆர்ட்டீமியா குஞ்சுத்தீனி தயாராக இல்லையென்றால், முட்டை எத்தனை பொரித்தும் புண்ணியமில்லை.

தவறி வந்துவிட்ட மீனை என்ன செய்வது? திருவள்ளூர் விவசாயிக்கும் இந்தக் கேள்வி வந்தது. மூன்று கிரீன் டெரரையும் ஏரியில் விட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டார் யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஜிலேபி 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட மீன்தான். இன்று அது இல்லாத குளம் எங்கே இருக்கிறது? ஆஸ்காரும் இப்படித்தான் அமெரிக்காவின் ஃப்ளோரிடா வாய்க்கால்களில் பெருகிக் கிடக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். ஏரி, கிணறு, வாய்க்கால் எதிலும் விடக் கூடாது.

அவர் இரண்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் மீன் வாங்கிய தேதி, விற்றவர் சொன்ன பெயர் இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறார். பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது, வால் துடுப்பில் நிறம் ஏறிய பிறகு எழுதுவதற்கு.