தோட்டாவுக்கு எப்படி மார்க் போடுவது?

சினிமாவில் துப்பாக்கி வெடித்ததும் எதிரில் நிற்பவர் பின்னால் பறந்துபோய் விழுவார். நிஜத்தில் அப்படி நடக்காது. சுட்டவரின் கையை உதைக்கிற உந்தத்தைவிட அதிகமாக எதுவும் குண்டு படுகிறவருக்குப் போய்ச் சேர்வதில்லை. சுட்டவர் பறக்கலையே! அப்படியென்றால், போலீஸ்காரரும் தற்காப்புக்காக வைத்திருப்பவரும் பயன்படுத்தும் கைத்துப்பாக்கித் தோட்டாவில் "இது நல்லது, அது மட்டம்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததைத் தொகுத்து வைக்கிறேன்.

முதலில் 1904. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவத்தில் புகார். தாம்சன் என்ற அதிகாரியும் லகார்ட் என்ற ராணுவ டாக்டரும் சிகாகோ இறைச்சிக்கூடத்தில் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகின்றன என்றும் பார்த்தார்கள். .45க்குக் குறையக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். மாடுகளின் எண்ணிக்கை சொற்பம். பிணம் ஆடுவதற்கும் உயிருள்ள மனிதன் சண்டையை நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாது.

1970களில் அமெரிக்க நீதித்துறை ஆதரவில் வேறொரு முறை வந்தது. குண்டு போகும்போது சதை ஒரு கணம் பலூன் மாதிரி விரிந்து மறுபடி சுருங்கும். அந்தத் தற்காலிகக் குழியின் அளவை வைத்து மதிப்பெண் கொடுத்தார்கள். லேசான, வேகமான, சட்டென்று விரிகிற குண்டுகள் இந்தப் பட்டியலில் மேலே வந்தன. ஆழமாகப் போகிறதா என்பதற்கு மதிப்பு குறைவு.

இதில் என்ன கோளாறு என்பதை 1986 ஏப்ரல் 11 காட்டியது. மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் மடக்கினார்கள். ஜெர்ரி டவ் என்ற அதிகாரியின் 9 மி.மீ. குண்டு, பிளாட் என்ற கொள்ளையனின் வலது மேல்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் கிழித்தது. இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் தொடர்ந்து சுட்டான். டவ்வும் பென் குரோகனும் இறந்தார்கள், மேலும் ஐந்து பேருக்குக் காயம். ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குண்டு வடிவமைத்தபடியே வேலை செய்தது: விரிந்தது, நின்றது. நடுவில் ஒரு கை குறுக்கே வரும் என்பதைத்தான் மதிப்பெண் முறை கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் எஃப்பிஐ நிபுணர்களைக் கூட்டியது. அதில் முக்கியமானவர் மார்ட்டின் ஃபேக்லர். வியட்நாமில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த ராணுவ டாக்டர். சான் பிரான்சிஸ்கோவில் ராணுவத்தின் குண்டுக்காய ஆய்வகத்தை நடத்தியவர். அவர் வாதம் எளிமையானது. கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பெரும்பாலான சதை ரப்பர் மாதிரி நீண்டு மீண்டுவிடும். நிலைத்து நிற்பது குண்டு நேரடியாக நசுக்கிய பாதை மட்டும்தான். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: முக்கிய உறுப்பு வரை போகிறதா? போகும் பாதை எவ்வளவு அகலம்?

இதை அளக்கத்தான் ஜெலட்டின். பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினைத் தண்ணீரில் 10 சதவீதம் கலந்து, 4 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன இரும்பு பால்ரஸை நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது 8.5 செ.மீ. (ஒரு செ.மீ. கூடக் குறைய) போனால்தான் அந்தக் கட்டி செல்லும். தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி.

பிறகு நிஜப் பரீட்சை. வெறும் ஜெலட்டின், கனமான துணி, இரும்புத் தகடு, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி என ஒவ்வொரு தடைக்கும் ஐந்து குண்டுகள். குறைந்தது 12 அங்குலம் போகணும், 18ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சிலிருந்து முதுகு வரை பத்து அங்குலம்கூட இல்லாத ஆளுக்கு 12 எதற்கு என்று தோன்றும். குறுக்கே கை இருக்கலாம், ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். மயாமியின் அந்த ஓர் அங்குலம்தான் இந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 18 என்ற வரம்பு, பின்னால் நிற்கிற சம்பந்தமில்லாத ஆளுக்காக. துணிப் பரீட்சையில்தான் பல குண்டுகள் தோற்கும். முனையில் இருக்கும் குழியில் நூல் அடைத்துக்கொண்டால் விரியாமல் நேராகப் போய்விடும்.

"ஜெலட்டின் எதுக்கு? நிஜச் சம்பவங்களை எண்ணினால் போதாதா?" என்று கேட்கலாம். எண்ணினார்கள். 1992இல் மார்ஷல், சனோ என்ற இருவர் 'ஒரே குண்டில் நின்றது' என்று சதவீதங்கள் வெளியிட்டார்கள். ஆனால் உடம்பில் ஒரே ஒரு குண்டு பட்ட சம்பவங்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். முதல் குண்டு நிறுத்தாததால் இரண்டாவது சுட வேண்டியிருந்த சம்பவங்கள் கணக்கிலேயே வராது! தோல்விகளைக் கழித்துவிட்டுப் போட்ட பாஸ் சதவீதம் அது.

இன்னொரு உண்மையும் உண்டு. இதயமே சிதைந்தாலும் மூளையில் 10 முதல் 15 நொடிக்குப் பிராணவாயு இருக்கும் என்று எஃப்பிஐயின் 1989 அறிக்கையே சொல்கிறது. மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் தவிர, உடனே நிறுத்துவேன் என்று எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் உத்தரவாதம் தர முடியாது.

என்னை உறுத்துவது வேறொன்று. மயாமியில் கார் மோதலில் ஒரு அதிகாரி துப்பாக்கியை இழந்தார், இன்னொருவரின் கண்ணாடி பறந்தது. பிளாட்டின் கையில் இருந்தது ரைஃபிள். அதிகாரிகள் பெரும்பாலும் கைத்துப்பாக்கியோடு எதிர்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பழி அதிகமாக விழுந்தது ஒரு குண்டின் மேல். முதலில் 10 மி.மீ., பிறகு .40 என்று பெரிய தோட்டாவுக்குப் போன எஃப்பிஐ, 2014இல் 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று முடிவு செய்தது. நவீன 9 மி.மீ. அதே பரீட்சையில் தேறுகிறது, உதைப்பு குறைவு, அதனால் குறி தப்புவதும் குறைவு.

ஜெலட்டின் மனிதனல்ல, எலும்பு இல்லை, பயமும் கோபமும் இல்லை. ஒரு தோட்டாவையும் இன்னொன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட மட்டும்தான் அது உதவும். பழைய முறைகள் எளிதாக அளக்க முடிந்ததை அளந்துவிட்டு, அதையே பதில் என்று எடுத்துக்கொண்டன. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க இரண்டு உயிர் போக வேண்டியிருந்தது.