ஆறாயிரம் ரூபாய்க் கூடாரம்

திமிரியிலிருந்து வேலூருக்குப் போய் சர்க்கஸ் பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள், ஜெமினி என்ற பெயரை உடனே சொல்வார்கள். அதைத் தொடங்கியவர் எம்.வி. சங்கரன். 1924-இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். இந்திய சர்க்கஸின் தந்தை என்று போற்றப்படும் கீலேரி குஞ்ஞிக்கண்ணனிடம் வித்தை கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, திரும்பி வந்து சர்க்கஸ்களில் பார் கம்பியில் வித்தை காட்டினார்.

1951-இல் நலிந்து கிடந்த விஜயா சர்க்கஸை நண்பரோடு சேர்ந்து வாங்கினார். விலை 6,000 ரூபாய்! ஆங்கில முறைப்படி தன் ராசி மிதுனம் என்பதால் ஜெமினி என்று பெயர் மாற்றினார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று குஜராத்தின் பிலிமோராவில் முதல் காட்சி. 1964-இல் சோவியத் நாட்டுக்கே அழைப்பு வந்தது. ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தில் நாம் பார்ப்பதும் இந்த ஜெமினி சர்க்கஸைத்தான். பிறகு ஜம்போ சர்க்கஸையும் நடத்தினார்.

பின்னாளில் சர்க்கஸ்களில் புலி, சிங்கம், கரடிகளைக் காட்சிப்படுத்த அரசு தடை விதித்தது. அந்த வாயில்லா ஜீவன்களுக்கு அது விடுதலை. கூடாரங்களுக்கோ கூட்டம் குறைந்தது. சங்கரன் 2023 ஏப்ரலில், 98-ஆம் வயதில் கண்ணூரில் காலமானார். ஜெமினி என்ற பெயர் அவரைவிட்டுப் போகவே இல்லை. ஊரார் கடைசிவரை அழைத்தது ஜெமினி சங்கரன் என்றுதான்.