செருப்புத் தைத்தவன் சிந்திக்கலாமா?

1613ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். ஜெர்மன் மொழி பேசும் கோர்லிட்ஸ் நகரத்துத் தலைமைப் பாதிரியார் கிரிகோர் ரிக்டர் பிரசங்க மேடை ஏறினார். அன்று அவர் சாடியது சாத்தானை அல்ல. அதே ஊரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவரை!

என்ன குற்றம் செய்தார் அவர்? திருடினாரா? குடித்துக் கூத்தாடினாரா? இல்லை. கடவுளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கல்லூரி வாசலை மிதிக்காதவர், இலத்தீன் அறியாதவர், தாய்மொழியில் எழுதினார். பொறுப்பாரா பாதிரியார்?

அந்தத் தொழிலாளியின் பெயர் யாக்கோப் போமே. 1575இல் உழவர் குடியில் பிறந்தவர். வயல் வேலைக்கு உடல் ஒத்துவராததால் செருப்புத் தொழில் பழகினார். 1599இல் கோர்லிட்சில் சொந்தப் பட்டறை வைத்தார். கசாப்புக்காரர் மகளை மணந்தார். நான்கு ஆண் மக்களுக்குத் தந்தையானார். அடுத்த ஆண்டு ஒருநாள், ஈயப் பாத்திரமொன்றில் பட்டுத் தெறித்த கதிரொளி அவர் கண்ணில் விழுந்தது. அந்தக் கணத்தில் உள்ளம் திறந்தது என்கிறார்கள். பல்லாண்டுகள் பல்கலைக் கழகத்தில் பயின்றாலும் அறிய முடியாததைக் கால் மணி நேரத்தில் அறிந்ததாகப் போமேயே பின்னாளில் எழுதினார்.

உடனே மடம் கட்டினாரா? சீடர் சேர்த்தாரா? பன்னிரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை! தோலை அறுத்தார், ஊசி கோத்தார், உள்ளத்தில் அசைபோட்டார். 1612இல்தான் எழுதினார். 'விடியல்' என்னும் பொருள்படும் பெயர் பெற்ற அந்த நூலை அவர் முடிக்கவும் இல்லை, அச்சிடவும் இல்லை. கார்ல் ஃபான் எண்டர் என்ற பிரபு படி எடுக்கச் செய்தார். படி கைமாறி ரிக்டரிடம் போய்ச் சேர்ந்தது.

நகர மன்றம் போமேயைப் பிடித்து விசாரித்தது, கையெழுத்துப் படியைப் பறித்தது, இனி எழுதாதே என்றது. அவரும் தலையாட்டினார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பேனா உறங்கியது. அந்த ஆண்டே பட்டறையை விற்றிருந்தார். நூல் வாணிபம் வயிற்றைக் கழுவியது. படிக்கும் நூல் அல்ல, நெய்யும் நூல்!

இத்தனைக்கும் ரிக்டர் யார்? மார்ட்டின் லூதரின் சபையைச் சேர்ந்தவர். போப்பாண்டவரின் அதிகாரத்தை எதிர்த்து 1517இல் கொடி உயர்த்தினாரே, அதே லூதர்! வேத நூலைச் சாமானியனும் தன் மொழியில் படிக்கட்டும் என்று மொழிபெயர்த்துத் தந்தவர். படித்த சாமானியன் ஒருவன் சிந்திக்கத் தொடங்கியதும், நூறாண்டு நிறைவதற்குள், அந்தச் சபையே அவன் வாயைப் பொத்தியது.

போமே சொன்னதென்ன? எல்லாப் பொருளிலும் 'ஆம்' உண்டு, 'இல்லை' உண்டு. இருளின்றி ஒளி புலப்படாது. எதிர்ப்பின்றி எதுவும் தன்னை அறியாது. நன்மையே உருவான கடவுளின் படைப்பில் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை அரித்தது. அதற்கு விடை தேடிக் கடவுளுக்கும் முந்தைய அடியற்ற ஆழம் ஒன்றைப் பேசினார். படிப்பது எளிதல்ல, சொற்கள் முட்புதர் போல் பின்னிக் கிடக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாகவே சொன்னார்: சொர்க்கமும் நரகமும் மனிதனுக்குள்ளேயே இருக்கின்றன, 'நான்' என்ற முனைப்பை விட்டவன் செல்லும் இடமெல்லாம் கோயில், கல்லால் கட்டிய கோயிலுக்குள் போய் வருவதால் மட்டும் எவனும் தூயவன் ஆகிவிடமாட்டான். பாதிரியாருக்கு எங்கே சுட்டது என்பது புரிகிறதல்லவா?

1618இல் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது. கிறித்துவனைக் கிறித்துவன் வெட்டிச் சாய்த்த காலம். வாக்கை மீறிப் போமே மீண்டும் எழுதினார், அடுத்தடுத்து எழுதிக் குவித்தார். 1624இல் ஒரு நூல் அச்சேறியதும் ரிக்டர் இலத்தீனில் பாய்ந்தார். நூலில் செருப்புக்காரனின் கீல் நாற்றமும் மை நாற்றமும் அடிக்கிறதாம்! கருத்துக்கு மறுப்பு இல்லாதபோது தொழிலை இழுப்பது எவ்வளவு எளிது!

ஊரை விட்டுப் போ என்றது மன்றம். டிரெஸ்டன் சென்றார் போமே. அவ்வாண்டு ஆகஸ்டில் ரிக்டர் மாண்டார். நவம்பரில் நோயோடு வீடு திரும்பிய போமே 17ஆம் நாள் கண் மூடினார். புதிய தலைமைப் பாதிரியாரும் அடக்கம் செய்ய மறுத்தார்; மன்றம் ஆணையிட்ட பிறகே சடங்கு நடந்தது. நண்பர்கள் நட்ட சிலுவையை யாரோ உடைத்தெறிந்தார்கள்.

1682இல் அவருடைய நூல்கள் தொகுப்பாக வெளிவந்தன, ஆம்ஸ்டர்டாமில். பின்னர் தத்துவப் பேராசான் ஹெகல் அவரை முதல் ஜெர்மானியத் தத்துவஞானி என்றார். நைசே ஆற்றங்கரையில் அவர் குடியிருந்த வீடு இன்னும் நிற்கிறது. 1945க்குப் பின் அந்த ஆறே எல்லையாகி ஊர் இரண்டானது; வீடு இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.