தோழமைக்கு முதற்படி செவி

பள்ளி இடைவேளையில் ஒரு குழந்தை மட்டும் ஆட்டத்தில் சேராது ஒதுங்கி நிற்குமாயின், அதனைக் கூச்சம் என்றோ பிடிவாதம் என்றோ முடிவு கட்டிவிடுதல் கூடாது. ஆட்டத்தின் விதிகள் பெரும்பாலும் பேச்சினால் அறிவிக்கப்படுகின்றன. காது மந்தமான குழந்தை அவற்றைச் சரிவரக் கேளாமல் முறை தவறி ஓடுகிறது, ஏனையோர் நகைக்கின்றனர், மறுநாள் அது ஆட்டத்திற்கு வருவதில்லை. செவிக்குறை அறியப்படாமற் போனால் குழந்தை இழப்பது பாடம் மட்டுமன்று, தோழமையுமாகும்.

பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாமை, பேசுவோரின் உதடுகளையே நோக்குதல், சொன்னதைத் திரும்பக் கேட்டல், காதில் சீழ் வடிதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டால் செவியைச் சோதிப்பிக்க வேண்டும். மைசூரில் 1965-ல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு-செவித்திறன் நிலையத்தில் செவித்திறன் கருவிகளால் அளக்கப்படுகிறது. பேச்சுப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. செவி பழுதற்றிருந்தும் பிறருடன் பழகுவதில் இடர்ப்படும் ஆட்டிசக் குழந்தைகளுக்கும் அங்கே பயிற்சி உண்டு. பிற ஊர்களில், 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ வரும்போது இத்தகைய குழந்தையைக் காட்டலாம்.

சோதனையோடு வேலை முடிந்துவிடாது. குழந்தையைப் பெருங்கூட்டத்தில் தள்ளுதல் பயன் தராது. பொறுமையுள்ள ஒரு தோழனோடு, முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் முதலில் அமர்த்துதல் நலம். பல்லாங்குழி இதற்கு ஏற்றது. மைசூர் வட்டாரத்தில் அதனை அளகுளி மணெ என்பர். 14 குழிகளும் காய்களும் கண்முன்னே இருத்தலால் விதியைப் பார்த்தே கற்கலாம். இருவரும் மாறி மாறி ஆடுவதால் தன் முறைக்குக் காத்திருத்தல் பழக்கமாகும். அது கைகூடியபின் நால்வர் ஆடும் தாயத்திற்குச் செல்லலாம். இடையில் தவறு நேரின், பிறர் முன் கண்டியாது, மீண்டும் ஒரு முறை ஆடிக் காட்டுதல் போதும்.